அகழியின் மேல் ஓர் அறை

மதுரை மீனாட்சி கோயிலின் முகம் கிழக்கே இருக்கிறது. அம்மனும் கிழக்கு பார்க்கிறாள், சொக்கநாதரும் கிழக்கு பார்க்கிறார். அஷ்டசக்தி மண்டபம் அந்தப் பக்கம். திருமலை நாயக்கர் எழுப்பிய புது மண்டபமும் அந்தப் பக்கம். கோயிலுக்கு வரும் கூட்டத்தை நம்பித்தான் தங்கும் விடுதிகள் பிழைக்கின்றன என்றால் அவை கீழச் சித்திரை வீதியையும் விளக்குத்தூணையும் சுற்றியல்லவா மொய்த்திருக்க வேண்டும்? ஊர் அப்படி அமையவில்லை. மலிவு வாடகை லாட்ஜுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பது கோயிலின் முதுகுப் பக்கம்: டவுன்ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, கட்ராபாளையம் தெரு, மேல வெளி வீதி. கிழக்கில் பலசரக்கும் தானியமும் மொத்த வியாபாரமும் நடக்கின்றன. தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடைகள். மேற்கில் அறைகள். மேற்குக் கோபுரம் தெரிகிற மொட்டைமாடியைச் சில லாட்ஜுக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்றாலும், அந்தக் கட்டடங்களின் வாசல்கள் பெரும்பாலும் கோபுரத்தைப் பார்ப்பதில்லை. எதிர்த் திசையில் இருக்கும் ரயில் நிலையத்திலிருந்து பெட்டியோடு நடந்து வருபவரைத்தான் அவை எதிர்பார்த்து நிற்கின்றன.

இந்தத் திசை விலகல் தற்செயல் அல்ல. லாட்ஜ் என்றதும் நாம் வழக்கமாகச் சொல்லிக்கொள்ளும் கதை ஒன்று உண்டு. ஒரு காலத்தில் ராஜாக்களும் ராணிகளும் சத்திரம் கட்டினார்கள், வழிப்போக்கருக்குச் சோறும் இடமும் இலவசமாகக் கிடைத்தன, பிறகு காசு ஆசை வந்தது, சத்திரம் லாட்ஜாகத் தேய்ந்தது என்பது அந்தக் கதை. தர்மத்தின் மகன் வியாபாரம் என்கிற இந்த வம்சாவளியை நான் ஏற்கவில்லை. லாட்ஜ் சத்திரத்துக்குப் பிறந்த பிள்ளை அல்ல. வேறு நிலத்தில், வேறு பயணியை எதிர்பார்த்து, வேறு கேள்வியோடு பிறந்த அமைப்பு அது. சத்திரம் வந்தவரிடம் "நீங்கள் யார்?" என்று கேட்டது. லாட்ஜ் "எத்தனை நாள்?" என்று கேட்டது. சுண்ணாம்பு உதிர்ந்த சுவரும் மூலையில் சிவப்பு பிளாஸ்டிக் வாளியும் உள்ள ஓர் அறைக்கு நம் சமூக வரலாற்றில் இடம் தர வேண்டும் என்றால், அது இந்தக் கேள்வி மாற்றத்துக்காகத்தான்.

அந்தப் பழைய கேள்வி மதுரையில் எவ்வளவு பழையது என்பதைச் சிலப்பதிகாரமே காட்டும். புகாரிலிருந்து நடந்து வந்த கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வந்தவுடன் கோட்டைக்குள் போய் ஓர் இடம் பிடித்துவிடவில்லை. மதிலுக்கு வெளியே, துறவிகள் வாழும் புறஞ்சேரியில் முதலில் தங்குகிறார்கள். பிறகு அவர்களோடு நடந்து வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் மாதரி என்ற ஆயர் மூதாட்டியிடம் கண்ணகியை ஒப்படைக்கிறார். ஒப்படைக்கும்போது அவள் யார், எப்படிப்பட்டவள் என்பதற்குத் தம் வாயால் உத்தரவாதமும் தருகிறார். கையில் விலைமதிப்புள்ள சிலம்பு இருக்கிற வணிகக் குடும்பத்தவருக்கு, பெரிய தலைநகரில் ஓர் இரவு தங்க அடைக்கலம்தான் கிடைத்தது. வாடகை அறை கிடைக்கவில்லை. அடைக்கலத்துக்கு ஒரு அறிமுகம் வேண்டும், அறிமுகத்துக்கு ஒரு பெரியவர் வேண்டும். மணிமேகலை இதன் மறுபக்கத்தைச் சொல்கிறது. பிறப்பின் பெயரால் ஊரைவிட்டு விரட்டப்பட்ட ஆபுத்திரன் மதுரைக்கு வந்து சிந்தாதேவி கோயில் முன்றிலில் தங்குகிறான். பகலில் பிச்சை எடுத்து இல்லாதவர்களுக்கு ஊட்டிவிட்டு, ஓட்டைத் தலைக்கு வைத்து உறங்குகிறான். மழை இருளில் பசியோடு வழிப்போக்கர்கள் வந்து அவனைத்தான் எழுப்புகிறார்கள். அறிமுகம் உள்ளவருக்கு ஒரு வீடு, இல்லாதவருக்கு ஒரு முன்றில் என்று இரண்டு ஏற்பாடுகள். காப்பியங்களை வரலாற்று ஆவணமாகப் படிக்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் ஒரு சமூகம் எதை இயல்பென்று நினைத்தது என்பதற்கு அவற்றைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

சத்திரம் இந்த இரண்டுக்கும் நடுவே வந்த பெரிய கண்டுபிடிப்பு. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் பேரனுக்காக ஆட்சியை நடத்திய ராணி மங்கம்மாளின் பெயர் இன்றும் தெற்கே சாலைகளோடும் சத்திரங்களோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தஞ்சை மராட்டியர் காலத்தில் இந்த ஏற்பாடு இன்னும் விரிந்தது. ராமேசுவரம் போகும் வழியில் வரிசையாகச் சத்திரங்கள் எழுந்தன. ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்தை இரண்டாம் சரபோஜி 1802-இல் நிறுவினார். அதற்கு முந்தைய ஆண்டு, ஆங்கிலேயர் தஞ்சையை எடுத்துக்கொண்ட பிறகு, சத்திரங்களின் வருமானத்தில் மட்டும் கைவைக்க வேண்டாம் என்று கேட்டு அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. பிராமணர் முதல் பறையர் வரை வருகிற எல்லோருக்கும் உணவு, நோயாளிக்கு வைத்தியர், நள்ளிரவில் குழந்தைக்குப் பால், கர்ப்பிணிக்குப் பிரசவம் வரை கவனிப்பு, வழியில் இறந்தவருக்கு அவரவர் சாதி முறைப்படி ஈமக் கிரியை என்று அது அடுக்கிக்கொண்டே போகிறது. இதற்கெல்லாம் நிலம் எழுதிவைக்கப்பட்டிருந்தது. விளைச்சல் சமையலறைக்கு வந்தது. கம்பெனி அரசும் இதன் கனத்தை உணர்ந்துதான் 1817-இன் ஏழாம் ஒழுங்குமுறையில் கோயில், மசூதி, பாலம் இவற்றோடு சத்திரத்தையும் தன் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது.

என் வாதத்துக்கு எதிரான முதல் சாட்சி இந்தக் கடிதம்தான். எல்லோருக்கும் உணவு என்று ராஜாவே எழுதியிருக்கிறார். "சத்திரத்துச் சாப்பாட்டுக்குத் தாத்தையங்கார் அப்பணையா?" என்று ஊரே பழமொழி சொல்லி வைத்திருக்கிறது, சத்திரத்தில் உண்ண எவருடைய உத்தரவும் வேண்டாம் என்பதுதானே அதற்குப் பொருள். பிறகு எங்கே வந்தது அந்த "யார்?" என்ற கேள்வி? கடிதத்தைக் கொஞ்சம் கூர்ந்து படித்தால் கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது. சமைத்த சோறு வாங்கிக்கொள்பவர் யார், அரிசியாக வாங்கித் தானே பொங்கிக்கொள்பவர் யார், இறந்தால் எந்த முறைப்படி எரிப்பது அல்லது புதைப்பது? இவை எதையும் வந்தவர் இன்னாரென்று தெரியாமல் தீர்மானிக்க முடியாது. சத்திரம் விரட்டவில்லை. ஆனால் வரிசைப்படுத்தியது. உள்ளே வந்தவர் தம் சாதியை வாசலில் விட்டுவிட்டு வர முடியாது. அதைச் சொன்னால்தான் இலை எங்கே போடுவதென்று தெரியும். பல கட்டளைச் சத்திரங்களின் அன்னதானம் பிராமணருக்கு மட்டுமே என்று எழுதப்பட்டிருந்தது. பிற்காலத்தில் ஒவ்வொரு சமூகமும் தனக்கென்று சத்திரம் கட்டிக்கொண்டது. காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் கட்டிய சத்திரம் வரைக்கும் அந்த வரிசை நீள்கிறது. தர்மம் செய்தவர் தர்மத்தின் எல்லையையும் வகுத்தார்.

அந்த எல்லைக்கு வெளியே நின்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு மதுரைக்குத் தெற்கே கல்லும் மண்ணுமாக ஒரு சான்று கிடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டு வண்டியில் சரக்கு ஏற்றி ராமநாதபுரம் சீமைக்குள் வந்த நாடார் வணிகர்கள், வண்டிப் பாதையில் இடைவெளி விட்டுப் பேட்டைகள் அமைத்தார்கள். மதில் சூழ்ந்த முற்றம். உள்ளே வண்டியும் மாடும் சரக்கும் ஆளும் ராத்தங்கலாம். இதற்கான செலவை அவர்கள் மகமை என்ற பொதுநிதியிலிருந்து எடுத்தார்கள். வியாபாரத்தில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவரும் கட்டிய வரி அது. பேட்டையின் முதல் காரணம் திருட்டுப் பயம்தான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சமூகத்தின் அன்றைய நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தது 1897-இல். நுழைந்தது தவறென்று லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தீர்ப்பு வந்தது 1908-இல். கோயிலின் தர்மத்தோடு பிணைந்த ஓர் இடத்தில் அவர்களுக்கு எத்தகைய வரவேற்பு இருந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை. கையில் காசு இருந்தது, சரக்கு இருந்தது, அடுத்த ஊரில் வாடிக்கையாளர் இருந்தார். தலைசாய்க்கத்தான் தாங்களே மதில் எழுப்ப வேண்டியிருந்தது. காசு கொடுத்தால் யாருக்கும் அறை என்கிற ஏற்பாடு எவ்வளவு தேவைப்பட்டது என்பதைப் பேட்டை சொல்கிறது.

இனி அந்த ஏற்பாடு முளைத்த நிலத்துக்கு வருவோம். மதுரையின் உள் வீதிகள் தாமரை இதழ் போலக் கோயிலைச் சுற்றி அமைந்தவை என்று சொல்வது வழக்கம். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதத்தின் பெயரால் அவை விரிகின்றன. அழகான உவமைதான். ஆனால் இதழ்களுக்குள் யார் எந்த வீதியில் குடியிருப்பது என்பதும் வகுக்கப்பட்டிருந்தது. கடைசி இதழுக்கு அப்பால் விசுவநாத நாயக்கர் காலத்துக் கோட்டை, அதன் 72 கொத்தளங்கள், வெளியே அகழி. 1830-களின் பிற்பகுதியில் கலெக்டர் பிளாக்பர்ன் அந்தக் கோட்டையை இடிக்க முடிவு செய்தார். ஊர் நெரிசலும் அகழியில் தேங்கிய நீரும் காரணங்கள். அரசிடம் அதற்குப் போதிய பணம் இல்லை. மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த நிலத்திலேயே மனை கிடைக்கும் என்ற ஏற்பாட்டில் வேலை நடந்ததாக ஊர் வரலாறுகள் சொல்கின்றன. நில அளவை செய்த மாரட்டின் பெயர் ஒரு வீதிக்கும், வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரியின் பெயர் இன்னொரு வீதிக்கும் நின்றுவிட்டன. மாதங்களின் பெயரில் இருந்த வீதிகளுக்கு அடுத்து ஒரு சர்வேயரும் ஒரு கொத்தனாரும்! ஊரின் பெயர்ப் பலகைகளில் இப்படி ஒரு வேடிக்கை ஒளிந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே எஞ்சி நிற்கும் கொத்தளத்துண்டைத் தவிர மேற்கு மதிலில் கண்ணுக்குத் தெரிய அதிகம் மிச்சமில்லை. வெளி வீதிகள் அந்த மதிலின் வெளிவட்டத்தில் வந்தன.

இன்றைய லாட்ஜுப் பகுதியின் பெரும்பங்கு இந்தப் புது நிலத்தின் மேலும் அதன் ஓரத்திலும் நிற்கிறது. இதில் ஒரு பொருள் இருப்பதாக நான் நினைக்கிறேன். இதழ்களுக்குள் ஒவ்வொரு மனைக்கும் ஒரு பழைய உரிமை இருந்தது. தேர் போகும் வீதி, மண்டகப்படி, இன்னார் தெரு என்று. தூர்த்த அகழிக்கு அப்படிப்பட்ட நினைவு இல்லை. அது எந்தச் சாமியின் வீதியும் அல்ல, எந்தக் குலத்தின் தெருவும் அல்ல. வாங்கலாம், விற்கலாம், வாடகைக்கு விடலாம். நகரத்தின் நடுவில் முன்வரலாறு இல்லாத நிலம் கிடைப்பது எளிதல்ல. மதுரைக்கு அது அகழியைத் தூர்த்ததால் கிடைத்தது. அந்த நிலத்தை ஒட்டி, மேற்குப் பக்கத்திலேயே, 1875-இல் ரயிலும் வந்தது. திருச்சியிலிருந்து தென்னிந்திய ரயில்வே பாதை அந்த ஆண்டு மதுரையை எட்டியது. அடுத்த ஆண்டு தூத்துக்குடிக்கும், 1902-இல் மண்டபத்துக்கும் நீண்டது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடி வழியாகக் கொழும்புக்குப் போகிறவரும் மதுரையில் இறங்கி ஏறலாமென்று ஆனது. நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஹார்வி மில் 1892-இல் எழுந்தது.

ரயில் கொண்டுவந்தது கூட்டத்தை மட்டுமல்ல, புது வகைப் பயணியையும்தான். சித்திரைத் திருவிழாவுக்குக் கிராமத்திலிருந்து வண்டி கட்டி வருகிற குடும்பத்துக்கு அறை தேவையில்லை. வண்டியே வீடு, வைகை மணலே முற்றம், அடுப்புக்கு மூன்று கல் போதும். அறை தேவைப்பட்டது தனியாக, கைப்பெட்டியோடு, வண்டி இல்லாமல் வந்து இறங்கியவருக்கு. ஜில்லா கோர்ட்டில் வாய்தாவுக்கு வந்த மிராசுதார், ஜவுளிக்கு ஆர்டர் எடுக்க வந்த கமிஷன் ஏஜெண்ட், மில் சாமான் விற்க வந்தவர், பிற்காலத்தில் மருந்துக் கம்பெனியின் பிரதிநிதி. இவர்கள் எவரும் யாத்திரிகர் அல்லர். சத்திரத்தில் போய் இலை முன் உட்கார இவர்களுக்கு நேரமும் இல்லை, சிலருக்குக் கூச்சமும் இருந்திருக்கும். கோர்ட்டு வழக்குக்கு வந்தவர் தர்மச் சாப்பாடு சாப்பிட்டார் என்று ஊரில் பேச்சு வந்தால் கௌரவம் என்னாவது? காசு கொடுத்துத் தங்கும் இடம் இவர்களுக்குத்தான் முதலில் வசதியாகப் பட்டது. அதனால்தான் லாட்ஜுகள் கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. பக்தர்கள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். மதுரை ரயில் நிலையத்துக்கு நேர் எதிரே நிற்பது எது? மங்கம்மாள் சத்திரம். ரயில் வருவதற்குப் பல தலைமுறைக்கு முன்னரே, அதே மேற்குப் பக்கத்தில், தங்குமிடம் இருந்திருக்கிறதே. அப்படியென்றால் மேற்கு என்பது ரயில் கண்டுபிடித்த திசை அல்ல. லாட்ஜுகளும் சத்திரத்தின் காலடியில் முளைத்தவையே என்று வாதிடலாம். பாதியை ஒப்புக்கொள்கிறேன். தங்குமிடம் தெய்வத்தின் வாசலுக்குப் போவதில்லை, பயணி வந்து சேரும் இடத்துக்குத்தான் போகும் என்பது சத்திரத்துக்கும் பொருந்தும். நடந்து வந்தவருக்குக் கோட்டை விளிம்பு, ரயிலில் வந்தவருக்கு நிலையம். ஆனால் பக்கத்தில் நிற்பதாலேயே ஒன்று மற்றொன்றின் வாரிசு ஆகிவிடாது. சத்திரத்தின் சொத்து எங்கே போயிற்று என்று பார்த்தால் உண்மையான வாரிசு யாரென்று தெரியும். அது எந்த லாட்ஜ் முதலாளிக்கும் போகவில்லை. சத்திர நிர்வாகங்கள் அரசுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் போயின. மங்கம்மாள் சத்திரம் மதுரை மாநகராட்சியின் கையில் இருக்கிறது. தஞ்சையில் சத்திர நிர்வாகம் என்றே வருவாய்த் துறையில் ஒரு பிரிவு இருக்கிறது. சத்திர நிலங்களின் வருமானம் பள்ளிக்கூடத்துக்கும் விடுதிக்கும் திரும்பியது. சத்திரத்தின் பிள்ளை அரசாங்கம். லாட்ஜ் பக்கத்து வீட்டுக்காரன். குன்னத்தூர் சத்திரத்தின் கதை இன்னும் சுவையானது. அது இன்று கடைத்தொகுதி. புது மண்டபத்தில் பல காலமாகத் தையல் மெஷின் போட்டும் புத்தகம் விற்றும் பிழைத்தவர்களை அங்கேதான் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். புது மண்டபத்தையோ பழைய ஆங்கில ஓவியர்கள் திருமலை நாயக்கரின் சத்திரம் என்றே படத்தின் அடியில் எழுதிவைத்தார்கள். சத்திரம் அல்லாததிலிருந்து கிளம்பி, சத்திரமாக இருந்ததில் போய்க் கடை விரித்திருக்கிறார்கள் தையற்காரர்கள்.

லாட்ஜின் நடைமுறைகளைப் பார்த்தாலும் அதன் தாய் ரயில்தான் என்று தெரியும். பெரிய ஹோட்டல்களில் நாள் என்பது நண்பகல் பன்னிரண்டுக்கு முடியும். ராத்திரி பதினொன்றுக்கு வந்தாலும் காலையில் வந்தாலும் ஒரே கணக்கு. தமிழ்நாட்டு லாட்ஜுகள் பலவற்றில் இருபத்துநான்கு மணிக் கணக்கு நடக்கிறது. விடிகாலை நாலேகாலுக்கு வண்டியிலிருந்து இறங்கி வந்தால் மறுநாள் நாலேகால் வரை அறை உங்களுடையது. விடுதியின் கடிகாரம் விருந்தினரின் வருகையிலிருந்து ஓடத் தொடங்குகிறது. வேளை கெட்ட வேளையில் ஆட்களை இறக்கிவிடும் ரயிலை ஒட்டித் தொழில் செய்பவருக்கு இதைவிட நியாயமான கணக்கு கிடையாது. பெரும்பாலான சத்திரங்களில் மூன்று நாள் என்பது வழக்கம். அது தர்மத்தின் அளவு. அதற்கு மேல் தங்கினால் ஒட்டுண்ணி. லாட்ஜில் அந்த எல்லை இல்லை. அட்வான்ஸ் தீராத வரை எவரும் ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்பதில்லை. தமிழில் ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக்கடை என்றும் லாட்ஜ் என்றால் படுக்கை என்றும் பொருள் பிரிந்து நிலைத்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் இல்லாத இந்தப் பிரிவினை நமக்கு ஏன் தேவைப்பட்டது? சோற்றில்தான் சாதி அதிகம் ஒட்டும். சோற்றைத் தனியே பிரித்து வேறொருவர் பொறுப்பில் விட்டதால், படுக்கையை எவருக்கும் வாடகைக்கு விடுவது எளிதாயிற்று என்பது என் ஊகம். போர்டிங்கும் லாட்ஜிங்கும் ஒரே பலகையில் எழுதிய இடங்களிலும் அவற்றுக்கு இரண்டு வாசல்.

அடுத்த மறுப்பு இதைவிடக் கடுமையானது. காசுக்குச் சாதி தெரியாது என்கிறீர்களே, பிராமணாள் ஹோட்டல் என்று பலகை மாட்டியதும் காசுக்கு நடந்த தொழில்தானே? உண்மை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலேயே பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. பெரியார் இயக்கத்தின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பிறகு 1941-இல்தான் அது போயிற்று. சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் பலகையிலிருந்து அந்தச் சொல்லை நீக்க 1957-இல் கூட மறியல் செய்ய வேண்டியிருந்தது. சந்தை தானாக எவரையும் சமமாக நடத்திவிடவில்லை. அதை நடத்த வைத்தது சட்டமும் போராட்டமும். 1938-இல் சென்னை மாகாணம் சமூக இடையூறுகளை நீக்கச் சட்டம் இயற்றியது. அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு ஹோட்டல்களைப் பெயர் சொல்லியே திறந்துவிட்டது. 1955-இன் தீண்டாமைக் குற்றச் சட்டம் ஹோட்டலோடு தர்மசாலையையும் சராயையும் சேர்த்து எழுதியது. ஆனால் என் வாதம் லாட்ஜ் முதலாளிகள் நல்லவர்கள் என்பது அல்ல. சட்டம் வந்தபோது எந்தக் கதவு சுலபமாகத் திறந்தது என்பதே கேள்வி. வைத்தியநாத ஐயர் முன்னின்று, தலித் சமூகத்தினர் ஐவரும் நாடார் ஒருவரும் மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்த 1939 ஜூலை 8 மதுரையின் பெரிய நாட்களில் ஒன்று. அந்தக் கதவைத் திறக்க ஒரு போராட்டமும், திறந்தவர்களைக் காக்கத் தனியே ஒரு சட்டமும் வேண்டியிருந்தன. காரணம், கோயிலும் அதைச் சார்ந்த தர்மமும் ஆளைப் பார்த்தே இயங்கியவை. ஆளைப் பார்க்காமல் கோயில் நடத்தத் தெரியாது என்று நம்பியவர்கள் அங்கே இருந்தார்கள். வாடகை அறைக்கு அப்படி ஒரு சாத்திரம் கிடையாது. மறுக்கலாம், மறுத்தார்கள், மறுப்பதைப் புனிதமென்று சொல்லத்தான் வாய்ப்பில்லை.

இன்றும் லாட்ஜ் எல்லோருக்கும் திறந்திருக்கிறதா என்றால் இல்லை. அடையாள அட்டை வேண்டும். தனியாக வரும் ஆளைக் கண்டால் தற்கொலை செய்துகொள்வாரோ என்று மேனேஜர் தயங்குகிறார்; சிங்கிள் ரூம் காலியில்லை என்கிறார். மணமாகாத இருவர் வந்தால் முறைத்துப் பார்க்கிறார். அவர்கள் ஓர் அறையில் தங்குவது குற்றமல்ல என்று சென்னை உயர்நீதிமன்றம் 2019 டிசம்பரில் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. பழைய கேள்வி பின்வாசல் வழியாகத் திரும்ப வந்துவிட்டதா? ஓரளவுக்கு. ஆனால் கேட்பவர் மாறிவிட்டார். 1867-இன் சராய்ச் சட்டத்திலேயே இந்த மாற்றம் தொடங்குகிறது. விடுதியைப் பதிவு செய், கிணற்றைச் சுத்தமாக வை, காவலாளி போடு, திருடன் ஏறி வர வசதியாக இருக்கும் மரக்கிளையை வெட்டு, தொற்றுநோய் கண்டால் போலீசுக்குச் சொல், கட்டண விவரத்தை எழுதி மாட்டு என்று அது கட்டளையிடுகிறது. தங்க வந்தவரின் குலத்தில் அதற்கு அக்கறையில்லை. காலராவிலும் களவிலும்தான் அக்கறை. இந்த நவீன சந்தேகம் இனிமையானது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இதற்கு ஓர் அட்டையைக் காட்டிப் பதில் சொல்லிவிடலாம். பிறப்பைப் பற்றிய கேள்விக்கு அப்படிப் பதில் சொல்ல முடிந்ததில்லை.

சத்திரம் போனதில் இழப்பே இல்லையா? பெரிய இழப்பு உண்டு. சரபோஜியின் கடிதத்தில் வருகிற வைத்தியரும் நள்ளிரவுப் பாலும் எந்த லாட்ஜிலும் கிடையாது. ஐந்நூறு ரூபாய் இல்லாதவர் இன்றும் ரயில் நிலையத்து நடைமேடையில், ஆபுத்திரனின் முன்றிலில் போலத்தான், பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார். அவருக்கு அகழியின் மேல் எழுந்த அறைகளால் ஒரு பயனும் இல்லை. சத்திரத்தின் சொத்தை வாங்கிக்கொண்ட அரசுதான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்டுப் பயனில்லை. அறைகளும் அப்படியொன்றும் வசதியானவை அல்ல. பழைய மனைகள் குறுகலும் நீளமுமானவை. கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாதென்று விதி. மேலே போக வழியில்லாததால் உள்ளுக்குள் அறுத்து அறுத்து அறையாக்குகிறார்கள். ஜன்னலைத் திறந்தால் நடைபாதை, நடைபாதைக்கு அப்பால் இன்னொரு ஜன்னல்.

சத்திரமும் லாட்ஜும் இரு வேறு சாதனங்கள் என்பதை அரசு மட்டும் மறக்கவில்லை. ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த லாட்ஜ் அறைக்கு இருந்த ஜிஎஸ்டி விலக்கு 2022 ஜூலை 18-இல் நீங்கியது. அமிர்தசரஸ் பொற்கோயிலை ஒட்டிய சராய்களுக்கும் வரி வந்துவிட்டதோ என்று பஞ்சாபில் கூச்சல் எழுந்தபோது, சமய அறக்கட்டளைகள் நடத்தும் இடங்களில் ஆயிரத்துக்குக் குறைந்த அறைகளுக்கு விலக்கு தொடர்கிறது என்று மத்திய அரசு விளக்கம் தந்தது. ஒரே வாடகை, ஒரே மாதிரிக் கட்டில், ஒரே மின்விசிறி. ஒன்று தர்மக் கணக்கில், மற்றொன்று வணிகக் கணக்கில். டவுன்ஹால் ரோட்டு லாட்ஜ்காரர் வணிகக் கணக்கில் நிற்கிறார். அவருடைய மேசையில் நீளவாட்டில் ஒரு தடித்த ரிஜிஸ்டர் கிடக்கிறது. பெயர், வயது, முகவரி, எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார், வந்த காரணம் என்று கட்டம் போட்டிருக்கும். கடைசிக் கட்டத்தில் பலரும் எழுதுவது "சொந்த வேலை" என்ற இரண்டே சொற்கள். மேனேஜர் அதைப் படித்துப் பார்ப்பதுகூட இல்லை. அட்வான்ஸை எண்ணி டிராயரில் போட்டுவிட்டு, பலகைத் துண்டில் எண் எழுதிய சாவியை ரூம் பாயிடம் நீட்டுகிறார்.